கலாமணியின் எலாஸ்டிக் வளையம்

உபகரண அறையின் சாவியை முதல் நாளே உங்கள் கையில் கொடுத்திருப்பார்கள். கதவைத் திறந்ததும் மனசு குளிர்ந்துபோயிருக்கும். கையில் பிடித்துக்கொண்டு கால் உதைக்க நீலப் பலகைகள், காலில் மாட்ட ரப்பர் துடுப்புகள், கையில் மாட்ட பிளாஸ்டிக் தட்டுகள், மூச்சுக் குழாய்கள், தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு மிதக்க மஞ்சள் நுரைக்கட்டைகள். இத்தனையும் கையில் இருக்கும்போது நீச்சல் வராதவர் என்று ஒருவர் எப்படி இருக்க முடியும் என்று தோன்றியிருக்கும். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது.

இருபது வருடத்துக்கு மேல் திருப்பூர்ப் பெண்களுக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். புதிதாகப் பயிற்சியாளராகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். கையை எப்படி வீசுவது, காலை எப்படி உதைப்பது என்பதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாவிட்டால் போனில் பார்த்துக்கொள்வீர்கள். ஆகவே நான் சொதப்பிய கதையைத்தான் எழுதப் போகிறேன். அது எந்தப் போனிலும் வராது.

எனக்கு வேலை பழக்கிய மூத்த பயிற்சியாளர் ஒருவர் இருந்தார். உபகரண அறைச் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டியிருப்பாரோ என்று நாங்கள் கேலி செய்வோம், அவ்வளவு பத்திரம். யார் போய்ப் பலகை கேட்டாலும், கட்டை கேட்டாலும், அவரிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்.

"இத வெச்சு அந்தப் புள்ள என்னத்தக் கண்டுபுடிக்கப் போகுது?"

அவளுக்குக் கால் மிதக்கவில்லை, அதனால் கட்டை வேண்டும் என்று சொன்னால் தரமாட்டார். கால் ஏன் மிதக்கவில்லை என்று பார்த்துவிட்டு வா என்று திருப்பி அனுப்புவார். கஞ்சன் என்று நினைத்துக்கொண்டேன். அவர் போனபிறகு சாவி என் கைக்கு வந்தது. அன்றைக்கே அறையை அகலத் திறந்துவைத்தேன். எடுத்துக்கொள்ளுங்கள் அம்மா, எல்லாம் உங்களுக்குத்தான் என்று ஒரே தாராளம்.

அந்தத் தாராளத்துக்கு முதல் பலி ஒரு ஏற்றுமதிக் கம்பெனி முதலாளியின் மனைவி. வெளிநாடு போன கணவரிடம் சொல்லி ஒரு பை நிறைய உபகரணம் வாங்கிவரச் செய்து, முதல் நாளே எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். கடைப் பொம்மை மாதிரி இருக்கிறேனா என்று அவரே கேட்டுச் சிரித்தார். நல்ல மனுஷி. கைத்தட்டுகளில் பெரியதைப் போட்டால் வேகமாகப் போகிறது டீச்சர், அதையே போடட்டுமா என்றார். போடுங்கள் என்றேன். பத்தே நாளில் தோள்பட்டை வீங்கி, தலை வாரக் கையைத் தூக்க முடியாமல் ஒரு மாதம் வீட்டில் இருந்தார். பெரிய தட்டு அதிகத் தண்ணீரைத் தள்ளும், தள்ளுகிற பாரம் தோளில் ஏறும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். வேகத்தைப் பார்த்ததும் மறந்துவிட்டது. திரும்பி வந்தபோது அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பையை அறையிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு தண்ணீரில் இறங்கினார். அதற்குப் பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

இனி கலாமணிக்கு வருகிறேன்.

கலாமணி வேலம்பாளையத்துக்காரி. வயது முப்பத்தாறு. ஒரு பனியன் கம்பெனியில் பதினைந்து வருடமாகத் தையல் மெஷினில் உட்கார்ந்தவள். கணவர் பல்லடத்தில் தறி ஓட்டுகிறார். இடுப்புப் பக்கம் முதுகெலும்பில் டிஸ்க் நகர்ந்திருக்கிறது, உட்கார்ந்து செய்கிற வேலையை விடு, நீச்சல் பழகு என்று டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். முதல் விஷயத்துக்கு வழியில்லாததால் இரண்டாவதைச் செய்ய என்னிடம் வந்தாள். வேலை நாட்களில் காலை ஆறு மணிக்கு ஒரு மணி நேரமும், ஞாயிறு பத்து மணிக்கு மேலும் குளம் பெண்களுக்கு மட்டும். ஆறு மணிக்கு நீந்திவிட்டு எட்டரைக்குக் கம்பெனியில் கார்டு தேய்ப்பாள்.

இந்த ஊர்ப் பெண்களுக்கு நீச்சல் உடையைப் பற்றி நாம் சொல்லிக் கொடுக்க ஒன்றுமில்லை. காட்டன் துணி தண்ணீர் குடித்துக் காலை இழுக்கும் என்று நான் ஆரம்பிக்கும் முன்பே, துணியைத் தடவிப் பார்த்து எடை சொல்வார்கள். கலாமணி முதல் நாளே பாலியஸ்டர் லைக்ராவில் முழுக்கையும் முழுக்காலும் வைத்துத் தானே தைத்த உடையில் வந்தாள். தையல் அவ்வளவு சுத்தம். அன்றைக்கே நான்கு பேர் அவளிடம் அளவு கொடுத்தார்கள்.

தண்ணீரில் அவளிடம் ஒரு அதிசயம் இருந்தது. தலையைத் தூக்காதே, அடித்தரையைப் பார் என்று மற்றவர்களிடம் நான் தொண்டை வறளக் கத்துவேன். கலாமணியிடம் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. நாளெல்லாம் ஊசியையே குனிந்து பார்த்த கழுத்து, தண்ணீரிலும் அப்படியே நின்றது. கைவீச்சும் அழகு. ஆனால் கால் மட்டும் சரியில்லை. இடுப்புக்குக் கீழே பாரம் கட்டிவிட்டது போலத் தாழும். பாதித் தூரத்தில் ஒரு பக்கமாகக் கோணி, பாதைகளைப் பிரிக்கும் மிதவைக் கயிற்றில் போய் இடிப்பாள்.

நான் என்ன செய்தேன்? அறைக்குப் போய் மஞ்சள் கட்டை ஒன்றை எடுத்துவந்து கொடுத்தேன். அதைத் தொடை நடுவே இடுக்கினாள், கால் மேலே வந்தது. கால் உதைக்க வேண்டிய வேலையே இல்லை. கோடு போட்டது போல நேராகப் போனாள். குளமே பார்த்தது. அதன்பின் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் கலாமணியைப் பாருங்கள் என்று காட்டுவதே எனக்குப் பெருமையாகிவிட்டது. ஐந்து மாதம் அந்தக் கட்டையோடுதான் நீந்தினாள். கட்டையை எடு என்று நான் சொல்லவில்லை. எடுத்தால் அழகு போய்விடுமே.

இப்படியிருக்க, நிர்வாகத்திலிருந்து ஒரு அறிவிப்பு வந்தது. பெண்கள் நேரத்துக்குப் பெண் உயிர்காப்பாளர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும், பயிற்சியாளரே இரண்டையும் பார்க்கக் கூடாது. ஆள் கிடைக்காவிட்டால் அந்த நேரத்தை ஒரு கம்பெனியின் ஆண்கள் அணிக்குக் கொடுத்துவிடுவோம். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் பெண் உயிர்காப்பாளருக்கு நான் எங்கே போவேன்? யோசித்துக்கொண்டே திரும்பினால், எதிரே கலாமணி நேர்கோட்டில் நீந்திக்கொண்டிருக்கிறாள்.

உயிர்காப்பாளர் வேலைக்கு வருகிறாயா என்று கூப்பிட்டுக் கேட்டேன். மற்ற நேரத்தில் பிள்ளைகள் வகுப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும், சம்பளம் ஏறத்தாழ கம்பெனியில் வாங்குவதேதான் என்றும் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"உக்கார வேண்டியதில்லீங்களே டீச்சர்?"

நாற்காலி இருக்கிறது, ஆனால் நாள் முழுக்கக் கரையில் நடந்துகொண்டே இருக்கலாம் என்றேன். அவள் கண் நிறைந்துவிட்டது. பதினைந்து வருடத்தில் யாரும் அவளிடம் நட என்று சொன்னதில்லை போலிருக்கிறது.

கோயம்புத்தூரிலிருந்து உயிர்காப்பாளர் தேர்வு வைக்க ஒரு அம்மா வந்தார். அதிகம் பேசாதவர். எட்டு நீளம், இருநூறு மீட்டர், எதையும் பிடிக்காமல் நீந்த வேண்டும்; களைத்தால் நடுவில் மிதந்து மூச்சு வாங்கிக்கொள்ளலாம். திரும்பும்போது சுவரைத் தொடலாம், பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. கயிற்றையோ மிதப்பானையோ தொட்டால் தேர்வு முடிந்தது. அதன் பிறகு, அடியில் கிடக்கும் ரப்பர்க் கட்டியை எடுத்துவருவதும், ஒரு ஆளை இழுத்துவருவதும்.

தேர்வுக்கு முந்தின பத்து நாள் கட்டையில்லாமல் பழக்கினேன். ஐந்து மாதப் பழக்கத்தைப் பத்து நாளில் சரிசெய்யலாம் என்று நினைத்த என் மூளையை என்ன சொல்ல! நான்கு நீளம் போகிறாள், மீதியும் போய்விடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தேர்வன்று ஐந்து நீளம் போனாள். ஆறாவதில், ஆழம் தொடங்குகிற இடத்தில், கால் தாழ்ந்தது. கோணினாள். கயிற்றுக்கு ஒரு சாண் தூரத்தில் மிதந்தபடி நின்றுவிட்டாள். நின்றவளின் வலது கை தொடை நடுவே போய்த் துழாவியது. இல்லாத கட்டையைத் தேடுகிறது அந்தக் கை. அதைப் பார்த்ததும், அவசரத்துக்கென்று கையில் வைத்திருந்த பலகையை வீசினேன். அது சறுக்கிப் போய் அவள் முகத்தருகே நின்றது. பிடித்துக்கொண்டாள்.

தேர்வு முடிந்தது. அந்த அம்மா காகிதத்தில் ஏதோ எழுதினார். அடுத்த மாதக் கடைசியில் வேறு வேலையாக இந்தப் பக்கம் வருவேன், வேண்டுமானால் இன்னொரு முறை பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நிர்வாகமும் அதுவரை பொறுப்பதாகச் சொன்னது.

அதற்குப் பிறகு ஒரு வாரம் கலாமணி வரவில்லை. ஷிப்மென்ட் வாரம், ஓவர்டைம் இருக்கும் என்று மற்ற பெண்களிடம் சொன்னேன். எனக்குத் தெரியும் அது இல்லையென்று. ஒரு நாள் மாலை, நாலு மணி டீக்குச் சற்று முன்னால், நானே அவள் கம்பெனிக்குப் போனேன். சூப்பர்வைசரின் மனைவி என்னிடம் நீச்சல் பழகியவர், அதனால் உள்ளே விட்டார்கள். டீ மணி அடிக்கட்டும் என்று வரிசையின் ஓரத்தில் ஒதுங்கி நின்றேன்.

அங்கேதான் பார்த்தேன்.

தையல் மெஷினின் மேசைக்கு அடியில், வலது முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு தகடு தொங்கும். முழங்காலால் அதை வெளிப்பக்கம் தள்ளினால், துணியை அழுத்திப் பிடித்திருக்கும் பாதம் மேலே எழும்பும், துணியை நகர்த்தலாம். கைகள் துணியில் இருப்பதால் அந்த வேலை முழங்காலுக்கு. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தள்ளு. வரிசையில் முப்பது பெண்கள், முப்பது வலது முழங்கால்களும் வெளியே போய் வந்துகொண்டிருந்தன. கலாமணியின் முழங்காலும். பதினைந்து வருடமாக.

தண்ணீரிலும் அது அதைத்தான் செய்திருக்கிறது. இடது கால் உதைக்கிறது, வலது முழங்கால் பக்கவாட்டில் தகட்டைத் தள்ளுகிறது. அதனால்தான் கோணல், அதனால்தான் தாழ்வு. கட்டையை இடுக்கும்போது இரண்டு தொடையும் சேர்ந்துவிடுவதால் முழங்கால் நகர முடியாது. ஐந்து மாதம் நான் அவள் குறைக்கு மூடிபோட்டு, அதை அழகு என்று ஊருக்குக் காட்டியிருக்கிறேன். இதை வைத்து அவள் என்ன கண்டுபிடிக்கப் போகிறாள் என்று என் மூத்தவர் கேட்டிருப்பார். ஒன்றும் கண்டுபிடிக்க விடவில்லை நான்.

டீ மணி அடித்தது. கலாமணி மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தாள். முழுதாக நிமிரக் கொஞ்ச நேரம் ஆனது. என்னைப் பார்த்ததும் ஓடிப்போய் எனக்கும் சேர்த்து டீ வாங்கிவந்தாள். மன்னித்துக்கொள் கண்ணு, குற்றம் என் மேல்தான் என்று சொல்லி, முழங்கால் விஷயத்தை விளக்கினேன். அவள் நின்றபடியே வலது காலை வெளியே தள்ளிப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே? அன்னைக்கு மல்லாக்கத் திரும்பி ரெண்டு மூச்சு வாங்கிட்டுப் போலாம்னுதானுங்க இருந்தேன். நீங்க சொல்லிக் குடுத்ததுதானுங்க. அதுக்குள்ள பலகை மூக்குகிட்ட வந்துருச்சுங்க."

கோபம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. முழுகப் போனவளுக்கா நான் பலகை வீசினேன்? இல்லை. பயந்துபோன எனக்கு நானே வீசிக்கொண்டது அது. குறுக்கே வந்து மாட்டியவள் அவள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் வந்தபோது கையில் ஒரு வளையம் இருந்தது. ஜட்டி இடுப்புக்கு வைக்கிற அகல எலாஸ்டிக்கில், வீணாகிப்போன துண்டை எடுத்து, வட்டமாக மூட்டியிருந்தாள்.

"ரெண்டு காலையும் சேத்து முழங்காலுக்கு மேல மாட்டிக்கறனுங்க. கால் அக்கட்ட போனா இது சுருக்குனு புடிக்கும். புடிச்சா எனக்குத் தெரிஞ்சுருமுல்லங்க."

ஆழமில்லாத பக்கத்தில் இறக்கி, நான் கூடவே நடந்தேன். அந்த வளையம் மிதக்காது, தூக்கிவிடாது, எந்த உதவியும் செய்யாது. முழங்கால் தப்பிப்போகும்போது சுருக்கென்று பிடிக்கும், அவ்வளவுதான். முதல் நாள் நீளத்துக்கு இருபது தடவை பிடித்தது என்றாள். கட்டை இல்லாததால் காலும் உதைத்தே ஆகவேண்டும். தண்ணீர் குடித்தாள், திணறினாள், எழுந்து நின்று சிரித்தாள். ஐந்து மாதம் பார்த்த அழகில் பாதிகூட இல்லை. எனக்கு அதுவே நிம்மதியாக இருந்தது.

இன்னொன்றையும் அவளேதான் செய்தாள். நான் சொல்லித் தந்ததாக நினைத்துவிடாதீர்கள். வளையத்தை மூட்டும்போது உள்ளே நிறைய நீளத்தை மடித்துவிட்டு, நாலைந்து வரிசை தையல் போட்டிருந்தாள், வளருகிற பிள்ளையின் சட்டைக்குப் போடுவது போல. சில நாளுக்கு ஒரு முறை ஒரு வரிசையைப் பிரிப்பாள். வளையம் சற்றுத் தளரும். கால் பழகப் பழக இன்னொரு வரிசை. மூன்றாவது வாரக் கடைசியில் அது முழங்காலை ஒரு தடவைகூடப் பிடிக்காமல் சும்மா கிடந்தது. நான்காவது வாரம் அதை மாட்ட மறந்து தண்ணீரில் இறங்கிவிட்டாள். பாதிக் குளம் போனபிறகுதான் இருவருக்குமே ஞாபகம் வந்தது.

உங்கள் அறையில் இருக்கும் எந்த உபகரணத்தையும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டையும் நல்லதுதான், பலகையும் நல்லதுதான், வலிக்கிற தோளுக்கு ஓய்வு கொடுக்க, பயந்தவளைத் தண்ணீரில் இறக்க எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. ஆனால் ஒன்றைக் கையில் கொடுக்கும்போதே, இதை எப்படிப் பிரித்து எடுக்கப் போகிறோம் என்பதற்கும் ஒரு தையல் போட்டுவிட்டுக் கொடுங்கள். நான் போடவில்லை. கலாமணி போட்டாள்.

இரண்டாவது தேர்வு. அதே அம்மா, அதே காகிதம். காலை நேரத்துப் பெண்கள் எல்லோரும் கம்பெனிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து கரையில் நின்றார்கள். அவள் தேறாவிட்டால் தங்கள் காலை நேரம் போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும். கலாமணி முதல் ஐந்து நீளமும் நேராகப் போனாள். நான் கரையோடு நடந்தேன், கையில் பலகை.

ஆறாவது நீளம், ஆழம் தொடங்குகிற அதே இடம். நின்றுவிட்டாள்.

என் கை பலகையோடு மேலே போனது, அதை நான் சொல்லித்தான் ஆகவேண்டும். இத்தனை வருடப் பழக்கம் அது. ஆனால் இந்த முறை அவள் கையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தேன். நீங்களும் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். வாய் தண்ணீருக்கு மேலே இருந்து, கண் எதையாவது பார்த்துக்கொண்டிருந்தால், அந்த ஆள் யோசித்துக்கொண்டிருக்கிறாள். கண் எதையும் பார்க்காமல் வெறித்தால், வாய் தண்ணீர் மட்டத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தால், பலகையெல்லாம் போதாது, நீங்களே குதிக்க வேண்டும். கலாமணியின் வாய் மேலே இருந்தது. கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு எட்டு வைத்தால் அவளிடம் குதித்துவிடுகிற தூரத்தில்தான் நான் இருந்தேன். எதிர்க்கரையில் தேர்வு அம்மாவும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயாராக நின்றார். பலகைக்கு அங்கே வேலையில்லை.

என் கையை என்னாலேயே நம்ப முடியவில்லை. அதனால் பலகையைத் தரையில் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன், காலைத் தண்ணீருக்குள் விட்டபடி.

கலாமணி மல்லாக்கத் திரும்பினாள். இரண்டு மூச்சு, மூன்று மூச்சு. வயிறு ஏறி இறங்குவது தெரிந்தது. பிறகு புரண்டு குப்புற விழுந்து நீந்தினாள். ஏழாவது. எட்டாவது. வலது முழங்கால் வெளியே போகவில்லை. அடியில் கிடந்த ரப்பர்க் கட்டியை எடுத்துவந்தாள். இழுத்துவர ஒரு ஆள் வேண்டும் என்றபோது, அந்தக் கடைப் பொம்மை அம்மாவே தானாகத் தண்ணீரில் இறங்கிக் கொடுத்தார். தேர்வு அம்மா காகிதத்தில் எழுதினார். எழுதி முடித்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார். கரையில் ஒருத்தி அழ ஆரம்பித்தாள், அடுத்து எல்லோரும். நானும்தான்.

ஈரம் சொட்டச் சொட்ட ஏறிவந்து என் பக்கத்தில் நின்றாள். ரொம்பப் பயந்துவிட்டாயா கண்ணு, அந்த இடத்தில் என்று கேட்டேன்.

"தண்ணிக்குப் பயமில்லீங்க டீச்சர்," என்றாள். "நீங்க பலகைய வீசிருவீங்களோன்னுதான் பயந்துட்டுப் பாத்துட்டே இருந்தேன். நீங்க உக்காந்த பொறவுதானுங்க மல்லாக்கத் திரும்புனேன்."

நான் எழுந்து, உட்கார்ந்திருந்த பலகையைத் துடைத்து அவள் கையில் கொடுத்தேன். திங்கட்கிழமையிலிருந்து அதை எப்போது வீசுவது, எப்போது வீசாமல் இருப்பது என்பது அவள் வேலையாயிற்று.